எந்த மண்ணுக்கு எந்தச் செடி? மதராஸில் பிறந்த டாக்டர் கிளெக்ஹார்னின் கதை

பள்ளிக்கரணையிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் பேசினார். அப்பா காலம் வரை நெல் விளைந்த நிலம். வீடு கட்டியது போக முன்பக்கம் ஆறு சென்ட் மிச்சம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீர்தான் கதி. அதிகம் தண்ணீர் கேட்காத அழகுச் செடிகள் வேண்டும் என்று நர்சரியில் சொல்லியிருக்கிறார். கற்றாழை, கள்ளி, பாலைவன ரோஜா, வெளிநாட்டு அலங்காரப் புல் என்று ஒரு வண்டி நிறைய வந்து இறங்கியிருக்கிறது. சித்திரை வெயிலை எல்லாமே தாங்கின. கார்த்திகை மழையில் பாதிக்கு மேல் அழுகிவிட்டன. வறட்சியைத் தாங்கும் செடி என்றுதானே கொடுத்தார்கள், ஏன் செத்தது என்பது அவர் கேள்வி.

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் இருந்தார். தொழில் மருத்துவம். பெயர் ஹியூ கிளெக்ஹார்ன். வனத்துறையில் இருப்பவர்கள் அவரை அறிவார்கள். விவசாயிகளான உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவர். முதலில் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். வாசகரின் ஆறு சென்டுக்குக் கடைசியில் வருவோம்.

கிளெக்ஹார்ன் 1820 ஆகஸ்ட் 9 அன்று மதராஸில் பிறந்தார். அப்பா இங்கே உச்ச நீதிமன்றத்தில் அதிகாரி. அன்றைய வெள்ளைக்காரக் குடும்பங்களின் வழக்கப்படி, நான்கு வயதிலேயே பையனை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். வளர்த்தது தாத்தா. அவர் பெயரும் ஹியூ கிளெக்ஹார்ன்தான். இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கியபோது அங்கே குடியேற்றச் செயலாளராக இருந்தவர். சிங்களரும் தமிழரும் தீவில் எந்தெந்தப் பகுதிகளில் வாழ்ந்தார்கள் என்று 1799இல் அவர் எழுதிய குறிப்பை இன்றும் இலங்கை அரசியலில் எடுத்துப்போட்டு வாதாடுகிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. நம் கதை பேரனுடையது.

தாத்தாவுக்கு ஸ்ட்ராவித்தி என்ற ஊரில் பண்ணை இருந்தது. வரப்பு, வேலி, தோட்டம், மரம் எல்லாவற்றையும் பையன் அங்கேதான் கண்ணால் பார்த்துக் கற்றான். பிறகு எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1841இல் பட்டம் வாங்கி, 1842இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக மதராஸுக்கே திரும்பி வந்தார். அந்தக் காலத்தில் மருத்துவம் படித்தால் தாவரவியலும் படித்தாக வேண்டும். மருந்தில் பெரும்பகுதி செடியிலிருந்து வந்தது. அதனால்தான் அன்றைய இந்தியாவின் பெரிய தாவரவியலாளர்களில் பலர் டாக்டர்களாக இருந்தார்கள்.

சில ஆண்டுகளில் மைசூர் சீமையில் சிவமொக்காவுக்கு மாற்றல் ஆனது. அங்கே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தாவரவியல் பெரியவர் வில்லியம் ஹூக்கர் சொன்ன யோசனை அது: தினம் ஒரு செடி, கால் மணி நேரம். எவ்வளவு வேலை இருந்தாலும் ஒரு செடியைக் கையில் எடுத்து வேரிலிருந்து விதை வரை பார்ப்பது. உள்ளூர் ஓவியர் ஒருவரை வைத்து அந்தச் செடிகளை வரையவும் செய்தார். வேளாண் அலுவலர்களாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இன்று கைப்பேசியில் படம் எடுத்தால் செயலி பெயரைச் சொல்லிவிடுகிறது. பெயர் கிடைத்ததும் நாம் செடியைக் கீழே போட்டுவிடுகிறோம். அந்தக் கால் மணி நேரம் நம்மிடம் இல்லாமல் போய்விட்டது.

சிவமொக்காவில் அவர் கண்ணில் பட்டவற்றில் ஒன்று வேலி. முள்கம்பி அன்று உலகத்திலேயே கிடையாது. ஆடு மாடு வயலில் இறங்காமல் இருக்க வேண்டுமானால் மண்சுவர், கல், வெட்டிப்போட்ட முள், அல்லது உயிர்வேலி. எந்த ஊரில் எந்தச் செடியை வேலியாக வைக்கிறார்கள் என்பது அங்குள்ள விவசாயிக்குத் தலைமுறை அறிவு. உடல்நலம் கெட்டு 1848இல் விடுப்பில் ஊருக்குப் போனவர், சும்மா இருக்காமல் இந்திய வேலிச் செடிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1850இல் அது வெளிவந்தது.

நான் முதுகலை படித்தபோது அந்தக் கட்டுரையின் தலைப்பே என்னை நிறுத்தியது. வேலிச் செடிகள் என்பதோடு தலைப்பு முடிந்துவிடவில்லை. எந்தத் தேவைக்கு, எந்த இடத்துக்கு, எந்த நிலைமையில் அவை பொருந்தும் என்பதையும் சேர்த்தே வைத்திருந்தார். சப்பாத்திக்கள்ளி, ஆனைக் கற்றாழை, திருகுக்கள்ளி, கொடுக்காப்புளி, மருதாணி என்று நம் கண் முன்னால் நிற்கும் செடிகள்தான். மாட்டைத் தடுப்பது ஒரு வேலை. தோட்டத்துக்குள் பாத்தியைப் பிரித்துக் காட்டுவது வேறு வேலை. முதலாவதற்கு முள் வேண்டும், அடியிலிருந்தே கிளை அடர வேண்டும். இரண்டாவதற்குக் கத்தரி பட்டால் தழைக்க வேண்டும், கைக்கு இதமாக இருக்க வேண்டும். மருதாணியை மாட்டுக்கு எதிரில் வைத்தாலும், கள்ளியைக் குழந்தை விளையாடும் முற்றத்தில் வைத்தாலும் செடியைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் நர்சரிக்குப் போகும்போது நாம் என்ன கேட்கிறோம்? பூ எந்த நிறம், விலை எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் மண் எது என்று அவர்களும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

அதே விடுப்பில் அவர் பெயரைப் பரப்பிய இன்னொரு வேலையும் நடந்தது. வெப்ப நாடுகளில் காடு அழிவதால் என்ன விளைகிறது என்று ஆராய, பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் ஒரு குழு அமைத்தது. 1851இல் குழு கொடுத்த அறிக்கையை எழுதியதில் கிளெக்ஹார்னுக்கு முக்கியப் பங்கு. மேட்டில் மரம் போனால் கீழே ஊற்று வற்றும், ஆறு மணலை அடித்துக்கொண்டு வரும், ஏரி தூர்ந்துபோகும் என்ற கவலை அந்த நாட்களிலேயே எழுத்தில் வந்துவிட்டது.

மதராஸ் திரும்பியதும் 1852இல் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். 1835இல் தொடங்கப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பும் வந்து சேர்ந்தது. இன்று செம்மொழிப் பூங்காவும் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் இருக்கும் கத்தீட்ரல் சாலைப் பகுதியில்தான் அந்தச் சங்கத்தின் தோட்டம் இருந்தது. அங்கே என்னென்ன செடிகள் உள்ளன, எவை இந்த மண்ணுக்குரியவை, எவை வெளியிலிருந்து வந்து பழகியவை என்று 1853இல் ஒரு பட்டியல் போட்டார். கோவிந்து என்ற ஓவியர் அவருக்காக வரைந்த செடிப் படங்கள் இன்றும் எடின்பரோவில் இருக்கின்றன. கோவிந்துவைப் பற்றி நமக்குக் கிடைப்பது அநேகமாகப் பெயர் மட்டுமே. இந்த மாதிரிக் கதைகளில் எப்போதும் அப்படித்தான்.

மதராஸ் நாட்களில் அவர் செய்தவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது கடற்கரை மணலைப் பற்றிய சிறிய கட்டுரை. 1856இல் வந்தது. மணலைப் பிடித்து நிறுத்தும் செடிகள் எவை என்பது விஷயம். கடலோரம் காற்றில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்தச் சுவர் உதவாது, செடிதான் உதவும். இராவணன் மீசைப் புல்லைப் பார்த்திருப்பீர்கள். விறைப்பான இலை, முள்பந்து மாதிரித் தலை. பழுத்ததும் அந்தப் பந்து கழன்று காற்றில் உருண்டு போய் விதையைப் போடும். அதன் தண்டு மணலில் புதைந்தால் புதைந்த கணுவில் வேர் விடும். எவ்வளவு மணல் மூடுகிறதோ அவ்வளவு வலுவாகும். அடும்புக் கொடியும் அதே ரகம், ஆட்டுக் குளம்பு போன்ற இலை, ஊதாப் பூ. இரண்டுக்கும் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. உப்புக் காற்று அவற்றை ஒன்றும் செய்வதில்லை.

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரைப் பக்கம் மணலில் வீடு வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். இந்த இரண்டையும் களை என்று பிடுங்கிவிட்டு, செம்மண் லாரியில் கொண்டுவந்து கொட்டி, அதில் புல்தரை விரித்து, தினம் இரண்டு வேளை தண்ணீர் விடுகிறார்கள். அடும்பை மதிலோரம் படர விட்டு, ஒரு புன்னை, ஒரு பூவரசு, தள்ளி ஒரு தாழைப் புதர் வைத்தால் அந்த மணலுக்குப் போதும்.

1856 டிசம்பரில் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் அரசு கிளெக்ஹார்னை மதராஸ் மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமித்தது. அந்த ஆண்டு ஜூலையில்தான் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையும் மரம், எஞ்சினில் எரிந்ததும் விறகு. கப்பல் கட்டும் துறைக்குத் தேக்கு வேண்டும். எல்லாரும் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கணக்குப் பார்த்து வெட்டுங்கள், வெட்டிய இடத்தில் நடுங்கள் என்று சொல்வது அவர் வேலையாக இருந்தது. ஆனைமலையிலிருந்து வட கன்னடம் வரை குதிரையிலும் நடந்தும் சுற்றினார். அந்த அறிக்கைகள் 1861இல் தென்னிந்தியக் காடுகளும் தோட்டங்களும் பற்றிய நூலாக வெளிவந்தன.

இந்த இடத்தில் அவரை விமர்சிக்காமல் போக முடியாது. மேற்கு மலைகளில் காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, ஓரிரு ஆண்டு கேழ்வரகு விதைத்து, பிறகு அந்த நிலத்தை ஆறப்போடும் குமரி விவசாயம் இருந்தது. அதுதான் காட்டை அழிக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். 1860இல் அரசு அனுமதி இல்லாமல் குமரி செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் அவர் நேர்மையானவர்; ரயில்வேயின் பசியையும் அவர் எழுதத் தவறவில்லை. ஆனால் ரயில் நிற்கவில்லை, மலைக்காரரின் கேழ்வரகுதான் நின்றது. சமவெளி விவசாயியின் வேலியைப் பார்த்து அவ்வளவு கற்றுக்கொண்டவர், மலை விவசாயியின் ஆறப்போடும் கணக்கைப் பொறுமையாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று, செடி சம்பந்தப்பட்டது. அவர் வேலிப் பட்டியலில் சப்பாத்திக்கள்ளி இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் காலத்திலேயே சில வகைகள் வந்திருந்தன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்பது திட்டம். நல்ல ரகப் பூச்சி கிடைக்காமல் திட்டம் தோற்றது. தண்ணீரே கேட்காத கள்ளி தங்கிவிட்டது. வேலியாக வைத்தது வயலுக்குள் வந்தது, மேய்ச்சல் நிலம் போனது, பாம்புக்கும் காட்டுப் பன்றிக்கும் வீடானது. கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து அதே குடும்பத்துப் பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே தமிழ் மாவட்டங்களில் கள்ளிக்காடுகள் கருகி விழுந்தன. களையைப் பூச்சியால் அடக்கிய கதைக்கு வகுப்பறையில் நாங்கள் சொல்லும் முதல் உதாரணம் இதுதான்.

பாடம் படித்துவிட்டோமா? கிளெக்ஹார்ன் தனக்கு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டவர் ரிச்சர்ட் பெட்டோம். அருமையான தாவரவியலாளர், கிளெக்ஹார்னுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர். பஞ்ச காலத்தில், 1876இல், வறண்ட நிலத்துக்கு ஏற்ற மரம் என்று ஒரு விதையை வரவழைக்கும்படி அரசுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு கடப்பைப் பகுதியில் நட்டார்கள். அதுதான் சீமைக் கருவேலம். அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கரையிலும் அது நிற்கிறது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் அது.

ஆகவே, தண்ணீர் கேட்காத செடி என்று யாராவது சொன்னால், என்னுடைய அடுத்த கேள்வி அது எப்படிப் பரவும் என்பதாகத்தான் இருக்கும். வாசகரின் வீட்டுக்கு வந்த அலங்காரப் புல் ஆப்பிரிக்க நீரூற்றுப் புல். பார்க்க அழகு, இறகு போன்ற கதிர், விதை காற்றில் பறக்கும். ஹவாய்த் தீவுகளில் மேய்ச்சல் நிலத்திலும் எரிமலைச் சரிவிலும் பரவி, காய்ந்த காலத்தில் தீயைப் பரப்புகிறது. சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் அதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டுச் செடி எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கொடுக்காப்புளி மெக்சிகோவிலிருந்து வந்தது, யாருக்கும் தொந்தரவு இல்லை. நம் கொழுக்கட்டைப் புல் இங்கே நல்ல தீவனம், ஆஸ்திரேலியாவில் அடங்காத களை. இடம் மாறினால் குணம் மாறுகிறது.

கிளெக்ஹார்ன் 1861க்குப் பிறகு பஞ்சாபுக்கும் இமயமலைக்கும் போனார். தேவதாரு காடுகளைப் பற்றிய அவர் அறிக்கை 1864இல் வந்தது. பிராண்டிஸ் விடுப்பில் இருந்தபோது இந்தியா முழுவதற்குமான வனத்துறைத் தலைவராகவும் சிறிது காலம் இருந்து, 1868இல் ஊர் திரும்பினார். தாத்தாவின் பண்ணையைக் கவனித்துக்கொண்டு, ஸ்காட்லாந்தில் வனவியல் படிப்பு வர வேண்டும் என்று பாடுபட்டு, 1895 மே 16 அன்று ஸ்ட்ராவித்தியிலேயே இறந்தார். நண்பர் ராபர்ட் வைட், அரளிக் குடும்பத்துக் கொடி இனம் ஒன்றுக்குக் கிளெக்கார்னியா என்று பெயர் வைத்திருக்கிறார்.

இப்போது ஆறு சென்டுக்கு வருவோம். சென்னையின் தெற்குப் புறநகரில் சில கிலோமீட்டருக்குள் மூன்று மண் இருக்கின்றன. கடலோரம் மணல். நன்மங்கலம், பல்லாவரம் குன்றுகள் பக்கம் சரளை கலந்த செம்மண். நடுவில் பள்ளிக்கரணையைச் சுற்றிக் களிமண். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டிவிடும். களிமண்ணில் அந்தத் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். மண் துளைகளில் காற்று இருக்காது. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். பாலைவனச் செடிக்கு வறட்சி தெரியும், வெள்ளம் தெரியாது. இந்த இடத்துக்கு எட்டு மாத வறட்சியையும் இரண்டு மாதச் சேற்றையும் சேர்ந்து தாங்கும் செடி வேண்டும்.

இதில் நானும் அடி வாங்கியிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், மேடவாக்கம் பக்கம் ஒரு களிமண் திடலில் ஆவாரையும் விராலியும் வரிசையாக நட்டேன். நன்மங்கலம் காட்டில் இரண்டும் தானாக வளர்வதைப் பார்த்த தைரியம். அவ்வளவு பக்கத்தில் வளர்வது இங்கே வளராதா என்று நினைத்தேன். டிசம்பரில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காடு சரளையில் நின்றது, என் திடல் சேற்றில் நின்றது.

வாசகருக்குச் சொன்னது இதுதான். கீழ்ப்பக்கம், மழைநீர் தேங்கும் ஓரத்தில் வெட்டிவேர் இரண்டு வரிசை. வேர் ஆழமாக இறங்கும், வெள்ளத்தில் சாகாது, கோடையில் காய்ந்தாலும் தூரில் உயிர் இருக்கும், விதையால் பரவாது. அலங்காரப் புல்லுக்கு ஆசைப்பட்டவருக்கு அதுவே போதும். நாணல் அழகுதான், ஆனால் ஆறு சென்டை விழுங்கிவிடும். வேலிக்கு நொச்சியும் சங்கஞ்செடியும் கலந்து. நொச்சியைப் போத்து வெட்டி ஊன்றினாலே வரும், மாடும் அதிகம் கடிக்காது. சங்கஞ்செடியின் முள் நாய் நுழைய விடாது. மரம் இரண்டு போதும்: ஒரு புங்கன், ஒரு பூவரசு. இரண்டும் உப்பையும் ஈரத்தையும் வறட்சியையும் பொறுக்கும். தரைக்கு அருகு. கோடையில் பழுத்துப்போகும், முதல் மழையில் எழும்; அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

ஆவாரம் பூ இல்லாமல் முடியாது என்றார் அவர் மனைவி. அதற்கு ஒரு மேடு போடச் சொன்னேன். ஒன்றரை அடி உயரம், செம்மண்ணும் சரளையும் கலந்து, தண்ணீர் வடியும் சரிவோடு. அதன் மேல் ஆவாரை, விராலி, ஒரு கிளுவை, ஓரத்தில் கொழுக்கட்டைப் புல். உயிரோடு மிஞ்சிய கற்றாழையையும் அங்கேயே ஏற்றிவிடலாம்.

கன்று வாங்கும்போது பெரிய பையில் ஆள் உயரம் நிற்பதைத் தேடாதீர்கள். பைக்குள் ஆணிவேர் சுருண்டிருக்கும். நட்ட பிறகும் நேராகாது. ஓர் அடிக் கன்று நல்லது. ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிட்டால் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை, மேலோட்டமாக இல்லாமல் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தூரைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குச் சருகு பரப்புங்கள், தண்டைத் தொடாமல். மூன்றாம் கோடையில் நிறுத்திப் பாருங்கள். அவர் புரட்டாசியில் நடுவதாகச் சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.